அருவியில் குளித்தால் வெட்டை நோய் வருமா?

விடுநர்
சண்முகசுந்தரி,
மேலகரம் பழவியாபாரி அய்யாக்குட்டியின் மனைவி,
தற்சமயம்: அக்காள் தங்கபுஷ்பம் வீடு, கீழத்தெரு, ஆய்க்குடி,
தென்காசி தாலுகா.

பெறுநர்
ஜில்லா சுகாதார அதிகாரி அவர்கள்,
திருநெல்வேலி.

பொருள்: குற்றால அருவித் தண்ணீரால் வெட்டை நோய் வரக்கூடுமா என்பதற்கு எழுத்து மூலம் பதில் கோருவது, பெண்கள் சிகிச்சை பற்றி ஒரு வேண்டுகோள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் குற்றாலத்தில் மங்குஸ்தான் தோப்பைக் குத்தகைக்கு எடுத்து வியாபாரம் செய்கிறார். சாரல் காலத்தில் குரங்குகள் பழத்தை அழித்துவிடும் என்று இரவில் தோப்பிலேயே தங்கிக்கொள்வார். இந்த வருடம் குரங்குத் தொந்தரவு மிக அதிகம் என்றார். நானும் நம்பித் தூக்குச்சட்டியில் சோறு கொடுத்தனுப்பினேன். குரங்குகள் இரவில் தூங்கிவிடும் என்ற விவரம் எனக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது.

2. ஆடிக் கடைசியில் வீட்டுக்கு வந்தவருக்கு நீர் பிரியும்போது எரிச்சல், நேராக உட்காரவும் முடியவில்லை. விசாரித்ததற்கு, "ஏட்டி, அருவி ஓங்கி அடிச்சதுல சூடு பிடிச்சிட்டு. தானா போயிரும்" என்றார். அவ்வளவு குளிர்ந்த தண்ணீர் எப்படிச் சூட்டைக் கொடுக்கும் என்று தோன்றியது. ஆனால் கல்யாணமான நாள் முதல் அவரை எதிர்க்கேள்வி கேட்டுப் பழக்கமில்லாததால், வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன். சில நாட்களில் அதே எரிச்சல் எனக்கும் கண்டது. இந்தச் சாரலுக்கு நான் அருவிப் பக்கமே போகவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

3. தென்காசி சர்க்கார் ஆஸ்பத்திரி லேடி டாக்டர் அம்மாள் என்னைப் பரிசோதித்து, வெட்டை, இங்கிலீஷில் கொனோரியா என்று நோயின் பெயரைச் சொன்னார்கள். "இது தண்ணியில வராதும்மா, மனுசங்கிட்டருந்துதான் வரும். இன்னும் விட்டிருந்தா புள்ளை பிறக்கவே வழியில்லாமப் போயிருக்கும்" என்றார்கள். எனக்கு இன்னும் குழந்தை இல்லை. அன்று போட்ட பெனிசிலின் ஊசி வலித்ததாக எனக்கு ஞாபகமில்லை, ஐயா.

4. கணவரையும் ஊசி போட்டுக்கொள்ள அழைத்தேன். "அருவிச் சூட்டுக்கு எவனாவது ஊசி போடுவானா?" என்று மறுத்துவிட்டார். லேடி டாக்டர் அம்மாள் சொன்னதை எடுத்துச் சொன்னதும், அப்படியானால் எண்ணெயால் வந்திருக்கும் என்று, அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் இசக்கிப்பாண்டி மீது பழியைப் போட்டார். செய்தி கேட்டு இசக்கிப்பாண்டி எண்ணெய்க் கிண்ணத்துடனேயே எங்கள் வாசலுக்கு வந்து, தெருவே கேட்கும்படி, "மதினி, நான் சப்ஜட்ஜ் அய்யாவுக்கே தேய்ச்சவன். அவுகளுக்கு வராத சீக்கு இந்த அண்ணாச்சிக்கு மட்டும் எப்படி வரும்? அண்ணாச்சி ராத்திரி எங்கன போறாகன்னு நான் வாயத் தொறக்கட்டுமா?" என்று கேட்டார். என் கணவர் ஓடிப்போய் அவரை உள்ளே கூட்டிவந்து, தம் கையாலேயே காபி ஆற்றிக் கொடுத்தார். அன்று முதல் எண்ணெய் குற்றமற்றது, அருவிதான் குற்றவாளி என்று தம் பேச்சை மாற்றிக்கொண்டார்.

5. வக்கீல் சங்கரநாராயணன் அவர்களிடம் யோசனை கேட்டேன். 1955-ஆம் வருடத்துச் சட்டப்படி இந்த நோயைக் காரணம் காட்டிப் பிரிந்து வாழ உத்தரவு கேட்கலாம் என்றும், ஆனால் நோய் என்னிடமிருந்து அவருக்கு வரவில்லை என்று ருசுப்பிக்க வேண்டும் என்றும் சொன்னார். "அவுக அருவிதான்னு சாதிச்சா, அருவியைக் கூண்டுல ஏத்திக் குறுக்கு விசாரணை பண்ண முடியாதேம்மா" என்று வருத்தப்பட்டார். என் மாமியார் வழக்கு வேண்டாம் என்றார்கள். அக்காள் போடு என்றாள். நான் இருவரிடமும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

6. இதற்குள் விஷயம் ஊரில் பரவி, என்ன ஊசி, எங்கே போட்டாய் என்று கேட்டுப் பெண்கள் பின்வாசல் வழியாக வர ஆரம்பித்தார்கள். பெயர்களை எழுத மாட்டேன். எல்லார் வீட்டிலும் அருவிதான் காரணமாம். ஒருத்தியின் கணவர் இந்த வருடம் குற்றாலத்துக்கே போகவில்லை. அவருக்குப் பாபநாசம் அருவியாம். அவர்களை நானே தென்காசிக்கு அழைத்துப் போனேன். "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்று ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருத்தியைத் திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது என்றுதான் அவள் என்னோடு வந்தாள். ஊசி போடாமலேயே அவள் பஸ் ஏறினாள்.

7. அன்று வீட்டுக்கு வந்ததும் வழக்குப் போடப்போவதாகக் கணவரிடம் சொன்னேன். "தண்ணி செஞ்சதுக்கு எம்மேல கேசா?" என்றார். "எனக்குத் தாலி கட்டினது தண்ணி இல்ல" என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் எதிர்ப்பேச்சு அது. அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். செங்கோட்டையில் ஒரு வீட்டுக்குப் போய்வந்ததை ஒப்புக்கொண்டார். அந்த நிமிஷம் அவரை மன்னித்துவிடக்கூடத் தயாராக இருந்தேன். அதற்குள், "ஆனா கோர்ட்டுல அருவின்னுதான் சொல்லுவேன், ஆம்பளைக்கு மானம்னு ஒண்ணு இருக்குல்லா" என்றார். இந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். மறுநாள் நான் ஆய்க்குடிக்கு வந்துவிட்டேன். நேற்று வழக்கு மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஆகவே, பேரருவி, ஐந்தருவி, பழைய அருவி ஆகியவற்றின் தண்ணீரால் மேற்படி நோய் வருமா, வராதா என்று தங்கள் கையொப்பமிட்டு எழுதித் தர வேண்டும். வரும் என்று தாங்கள் கருதினால், அருவிக்கரையில் உடனே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். வராது என்றால், கணவனை அழைத்துவரச் சொல்லாமல் பெண்களுக்கு ஊசி போட உத்தரவிட வேண்டும். பதில் வராவிட்டால் தங்களையே சாட்சியாக அழைக்கப்போவதாக வக்கீல் சொல்கிறார். கோர்ட் வராந்தாவில் நாள் முழுக்கக் காத்திருப்பது தங்களுக்குச் சிரமம் என்பதால் இதை முன்னதாகவே தெரிவிக்கிறேன்.

பதிலை ஆய்க்குடி விலாசத்துக்கு, என் பெயரை மட்டும் எழுதி அனுப்பவும். கணவர் பெயரும் இருந்தால் தபால்காரர் மேலகரத்துக்குத் திருப்பிவிட, அது அவர் கடைக்குப் போய்விடும். அங்கே அதில் மங்குஸ்தான் பொட்டலம் கட்டிவிடுவார்கள்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
சண்முகசுந்தரி

ஆய்க்குடி,
22-9-1958.