இம்பாலாவின் கூரைக்குள் இருக்கும் அசல் பதிவேடு

அனுப்புநர்
எலிசியோ விஹில்,
கால்வாய்ச் சாலை,
போசோ ஆல்தோ, நியூ மெக்சிகோ.

பெறுநர்
மேற்பார்வை அலுவலர் அவர்கள்,
வாகனப் பதிவு அலுவலகம்,
போசோ ஆல்தோ.

பொருள்: நானே கட்டிய 1963 இம்பாலா காருக்கு எண் பலகை கோரியது – அசல் பதிவேடு கேட்டு நான்காம் கவுண்டர் இருமுறை திருப்பி அனுப்பியது – அசலைக் கொண்டுவர இயலாமை – 13ஆம் தேதி மகள் திருமணம் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நான் இவ்வூர்க் கால்வாய்த் தண்ணீரை வயல்களுக்கு முறை வைத்துத் திறந்துவிடும் வேலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். யாருக்கு எந்த மணிக்குத் தண்ணீர் போனது என்று எழுதி வைக்காத நாள் கிடையாது. எழுத்து வேலையில் அசட்டையானவன் என்று நான்காம் கவுண்டர் திரு. ரோய்பால் என்னைக் குறித்துவைத்திருப்பது மனத்தை மிகவும் புண்படுத்துகிறது.

2. மேற்படி கார், மூன்று செத்த கார்களிலிருந்து ஆறு ஆண்டுகளில் கட்டப்பட்டது. எந்தப் பாகம் எந்தக் காரிலிருந்து வந்தது, அதன் எண் என்ன என்பதற்குப் பதிவேடு வேண்டும் என்ற விதியை நான் அறிவேன். முதல் நோட்டுப் புத்தகம் பிரேக் ஆயிலில் விழுந்து ஊறிவிட்டது. இரண்டாவதை என் மனைவி கொர்தேலியா அடுப்புப் பற்றவைக்க எடுத்துக்கொண்டார். கேட்டதற்கு, "கறுகறுன்னு கெடந்துச்சு, குப்பைன்னு நெனச்சேன்" என்றார்.

3. எங்கள் கார் சங்கத்தில், காரின் உட்புறத்தைத் துணி போட்டு மூடுமுன் வெறும் தகட்டில் பெயரும் தேதியும் எழுதுவது வழக்கம். நான் ஒரு படி மேலே போய், நோட்டே வேண்டாம் என்று மொத்தப் பதிவேட்டையும் கூரையின் உட்புறத் தகட்டில் அழியாத மையால் எழுதினேன். தகடு தொலையாது, அடுப்புக்கும் போகாது என்று எண்ணினேன். அந்த அளவில் என் கணிப்பு தவறவில்லை.

4. பதிவேட்டை இடது ஓரத்தில் இரண்டு துளையிட்டு நான்காம் கவுண்டரில் வைக்குமாறு திரு. ரோய்பால் கூறினார். அது கார்க் கூரை என்று விளக்கினேன். "எதுவா இருந்தாலும் ஃபைல்ல மாட்டணும்ல?" என்றார். எனவே மே 20 அன்று, எண் பலகை இல்லாத வண்டியை ஓட்டக்கூடாது என்பதால், அதை லாரியில் ஏற்றித் தங்கள் வளாகத்திற்கே கொண்டுவந்தேன். கவுண்டரைவிட்டு வெளியே வருவது தமது அதிகாரத்தில் இல்லை என்று அவர் மறுத்துவிட்டார். அவர் இருக்கையிலிருந்தே ஜன்னல் வழியாகத் தெரியட்டுமே என்ற நல்லெண்ணத்தில், எங்கள் சங்கத்துக் கார்களைத் தூக்கி இறக்கப் பொருத்தும் ஹைட்ராலிக் விசையைப் போட்டு வண்டியின் ஒரு பக்கத்தை மூன்றடி தூக்கிக் காட்டினேன். வரிசையில் நின்றவர்கள் கைதட்டியதற்கு நான் பொறுப்பல்ல.

5. திரு. ரோய்பால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "துணிதானே தெரியுது. யாரு தைச்சது? நல்லாத் தைச்சிருக்காங்க" என்றார். "அமதேயோ லுஹான்" என்றேன். அந்தப் பெயரை வாயால் சொன்ன பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. அதையும் மறைக்காமல் தெரிவிப்பது என் கடமையாகிறது.

6. அமதேயோ லுஹான் என்பவர் குஷன் கடை வைத்திருப்பவர். என் மகள் பெர்லாவை மணக்க இருப்பவர். பாகங்களின் விவரத்தோடு அன்றன்று மனத்தில் பட்டதையும் கூரையில் எழுதும் பழக்கம் எனக்கு இருந்தது. மாதிரிக்குச் சில:

பதிவு 17: "பின்தரைத் தகடு, ரெண்டாவது கார். வெல்டிங் முடிஞ்சுது. பெர்லா ஒருத்தனக் கூட்டிட்டு வந்தா. கையில அழுக்கே இல்ல. ஜாக்கிரதையா இருக்கணும்."

பதிவு 41: "இடது கதவுக் கீல், மூணாவது கார். அமதேயோ டார்ச் பிடிச்சான். கீலுக்கு அடின்னா என் மூஞ்சிக்கு அடிக்கிறான். இவனுக்குப் பொண்ணக் குடுக்கறதுக்கு இந்தக் கீலுக்கே குடுத்துடலாம்."

பதிவு 63: "கல்யாணம்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. இன்னைக்கு வேல ஒண்ணும் ஓடல."

அம்மையீர், இது என் சொந்தக் கொட்டகையில் என் சொந்தக் கூரைக்கு நான் சொன்னது. தினமும் தலைக்கு மேலேயே இருந்ததால் அண்ணாந்து பார்க்கும் பழக்கம் விட்டுப்போயிற்று; என்னென்ன எழுதினேன் என்பதும், பின்னால் அதைத் துணி மூடியதும் மறந்துபோயிற்று. பிப்ரவரியில் கூரைக்குத் துணி தைக்கும் வேலை வந்தபோது, "வேற யார்கிட்டப்பா குடுப்பீங்க?" என்று மகள் கேட்டதும் வண்டியை அப்படியே அமதேயோவின் கடையில் விட்டுவிட்டு வந்தேன். கூரைத் துணி தைக்கிறவன் கூரையைப் பார்க்காமல் தைக்க முடியாது.

7. பிப்ரவரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறார். இதைப்பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. எங்கள் வீட்டுப் பச்சை மிளகாய்க் குழம்பை மட்டும் காரம் என்று சொல்லியிருக்கிறார். மே 20க்குப் பிறகு அவர் கண்ணில் படாமல் ஆறு நாள் கால்வாயிலேயே சுற்றினேன். ஏழாம் நாள் கொர்தேலியா, "பொண்ணு நடந்தேவா கோயிலுக்குப் போவா?" என்று கேட்டு என்னைத் துரத்தினார்.

8. துணியைப் பிரிக்கச் சொல்லலாம் என்று கடைக்குப் போனேன். என்ன விஷயம் என்று நான் ஆரம்பிக்குமுன் அமதேயோ ஓர் உறையை எடுத்து நீட்டினார். உள்ளே இருபத்தாறு புகைப்படங்கள். கூரையை முழம் முழமாக, அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்து, எண் போட்டு எடுத்திருந்தார். "மூடறதுக்கு முன்னாடி எடுத்து வெச்சுக்கறதுதான் மாமா. பின்னாடி எவனாவது கேப்பான்" என்றார். நான் பத்திரமாக எழுதி வைத்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்த பதிவேட்டைப் பத்திரப்படுத்தியது அவர்தான். எனக்கு மிகுந்த வெட்கமாக இருந்தது. வந்த வேலையையும் மறந்து குழம்பில் காரத்தைக் குறைக்கச் சொல்லவா என்பதுபோல் ஏதோ உளறிவிட்டுத் திரும்பினேன்.

9. அப்புகைப்படங்களை மறுநாளே கொண்டுவந்தேன். "இது நகல். நகல அசலோட ஒத்துப் பாக்கணும். அசல் எங்கே?" என்று கேட்டுத் திரு. ரோய்பால் இரண்டாம் முறையும் திருப்பி அனுப்பினார். துணியைப் பிரிக்க அமதேயோ தயாராகவே இருக்கிறார். ஆனால் பிரித்தால் திரும்பத் தைக்க மூன்று வாரம் ஆகும். திருமணத்திற்கு இருப்பது பதினொரு நாள். அந்தக் காரில்தான் கோயிலில் இறங்குவேன் என்று பெர்லா முதல் கார் வந்த நாளிலிருந்து சொல்லிவருகிறாள். நானும் சரி என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

10. ஆகையால் ஒரு வழியைப் பணிவுடன் முன்வைக்கிறேன். கூரை விளக்கைக் கழற்றினால் உள்ளங்கை அளவு துளை உண்டு. அதன் வழியாக அசலைப் பார்த்துப் புகைப்படத்தோடு ஒத்துப் பார்க்கலாம். கெட்ட நேரம், அங்கே தெரிவது பதிவு 41 மட்டுமே. கீல் எண் தெளிவாக இருக்கிறது. மற்றதும் தெளிவாகவே இருக்கிறது. தாங்கள் அனுப்பும் ஆய்வாளர் அதை என் மனைவியின் முன் உரக்கப் படிக்காதிருந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

11. அப்பதிவின் கீழே, வேறொரு கையெழுத்தில், தையற்காரர் சாக்கட்டியால் எழுதிய ஒரு வரி இருக்கும். புகைப்படம் 14இலும் அது உள்ளது: "படிச்சேன் மாமா. இருந்தாலும் தையல நேராத்தான் போட்டிருக்கேன்." பின்னால் திருத்தப்பட்ட ஆவணம் என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். நான் எழுதியதில் ஓர் எழுத்தையும் அவர் அழிக்கவில்லை. அழிக்க அவருக்கு மூன்று வாரம் அவகாசம் இருந்தது.

எனவே, மேற்படி புகைப்படங்களை ஏற்று, ஜூன் 12 மாலைக்குள் எண் பலகை வழங்குமாறு வேண்டுகிறேன். மேலும், விண்ணப்பத்தில் 'கட்டியவர்' என்ற இடத்தில் என் பெயரை மட்டும் எழுதியிருந்தேன். அது தவறான தகவல். அதன்கீழ் என் மருமகன் அமதேயோ லுஹானின் பெயரையும் சேர்த்துப் பதிவுசெய்யுமாறு மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: புகைப்படங்கள் 26 (இரண்டு துளையிட்டவை).

இடம்: போசோ ஆல்தோ
நாள்: 2.6.2009

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
எலிசியோ விஹில்