மஃரிபுக்கு ஒரு மிஸ் கோல்

ஒக். 12, செவ்வாய்

வானம் கறுத்துக் கறுத்து ஏமாற்றுது. மழை இல்லை, வியர்வை மட்டும். திருத்த: பத்தாம் வகுப்பு வரலாற்றுத் தாள்கள். வாங்க: மகளுக்குச் சப்பாத்து, கத்தரிக்காய், சவர்க்காரம்.

சப்பாத்து வாங்கியாச்சு. போன் போயாச்சு.

கல்முனைச் சந்தையில் கத்தரிக்காயை அமத்தி அமத்திப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம்தான். தோள் பையின் சிப் திறந்து கிடந்தது. யாரும் இடித்த ஞாபகம்கூட இல்லை. மரக்கறிக்காரர் சொன்னார், "இந்தக் கிழமை எத்தினயாவது போன் டீச்சர் இது. கெவனமா நிக்கப்படாதா?" கள்ளனைப் பற்றி ஒரு சொல் இல்லை. குற்றம் என்னுடையது.

சண்டைக் காலத்தில் இதே இடத்தில் செக்பொயின்ட். பையைக் கிண்டி, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வெயிலில் காய விடுவார்கள். சண்டை முடிந்தது, செக்பொயின்ட் போனது, அல்ஹம்துலில்லாஹ். கள்ளனுக்கும் சேர்த்துத்தான் விடுதலை.

உண்மையான கவலை பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் தொடங்கியது. மச்சான் கட்டாருக்கு உழைக்கப் போன நாளிலிருந்து புருசன் பெஞ்சாதி எங்கள் ஏற்பாடு: இங்கே பாங்கு சொல்லி முடிந்ததும் அவர் ஒரு ரிங் விட்டு வெட்டுவார். 'நான் சுகம்.' நான் ஒரு ரிங் திருப்பி விடுவேன். 'நாங்களும் சுகம்.' எடுக்கக்கூடாது, எடுத்தால் காசு. கதைக்கிறது வெள்ளிக்கிழமை மட்டும். பாதிக் கல்முனைக்குடி இப்படித்தான் குடும்பம் நடத்துது.

இன்று அந்த ரிங் எவனுடைய சட்டைப் பையில் அடித்ததோ.

ஒக். 13, புதன்

அவர் நம்பர் எனக்குப் பாடமில்லை. எழுதவே வெட்கம். போன மாதம் வேலைக் கம்பனி மாறிப் புது சிம் எடுத்தார். அடித்தார், 'மச்சான்' என்று பதிந்தேன், அவ்வளவுதான். ஒரு காலத்தில் சொந்தக்காரர் எல்லாருடைய நம்பரும் நாக்கு நுனியில் இருந்தது. இப்ப போனுக்குத்தான் தெரியும். மாவடிப்பள்ளிக்கு ஆள் அனுப்பி அவர் தம்பி ஹனீபாவிடம் கேட்டேன். அவனிடமும் பழைய நம்பர்தான்.

கொமினிகேஷன் கடைக்குப் போனேன், அதே நம்பரில் வேறு சிம் எடுக்கலாமா என்று.

"சிம் ஆர்ட பேர்ல டீச்சர்?"

"அவர்ட பேர்ல."

"அப்ப அவருதான் வரணும்."

"அவர் கட்டார்ல."

"அப்ப அவருக்கு ஒரு கோல் எடுத்துச் செல்லுங்க."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் முதலில் சிரிப்பு வந்தது.

பொலிஸில் என்ட்ரி. சிங்களத்தில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். என்ன எழுதியிருக்கோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். போன் வந்த பெட்டி வேண்டுமாம், அதில் போனின் தொடர் நம்பர் இருக்குமாம். இருக்கு. மகள் அதில் ஸ்காப் ஊசி போட்டு வைத்திருக்கிறாள்.

அடுத்த வீட்டு ஜெஸீமா ராத்தாவின் போனிலிருந்து என் நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். அடிச்சது. பிறகு வெட்டினான். சிம்மைக் கழற்றி எறியவில்லை. அதில் எனக்கு என்ன சந்தோசம் என்று ராத்தாவுக்கு விளங்கவில்லை. அது அடிக்கிற மட்டும் மச்சானுக்கு நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.

சுனாமி அன்றும் அவர் கட்டாரில்தான். நாலைந்து நாள் அடித்து அடித்துப் பார்த்திருக்கிறார், ஒரு லைனும் இல்லை. அவருடைய உம்மா கடலோடு போய் மௌத்தானதும், நானும் மகளும் மாவடிப்பள்ளிப் பள்ளிக்கூடத்தில் அகதியாகக் கிடந்ததும் ஒரே கோலில் தெரிந்தது. லைன் செத்தால் அவருக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

ஒக். 14, வியாழன்

தலையிடி. குளிசை போட்டும் போகவில்லை. தாள்கள் அப்படியே.

ஆசிரியர் அறையில் என் போன்தான் பாடம். கணக்கு சேர் சொல்கிறார், கொழும்பு மாதிரி இங்கேயும் சந்திக்குச் சந்தி கமெரா பூட்டினால் களவு நின்றுவிடுமாம். பாண்டிருப்பிலிருந்து வருகிற சாந்தி டீச்சர், "கமெரா பாத்துக்கொண்டு நிக்கும், கள்ளன் கொண்டு போவான். பொறகு எல்லாருமாச் சேர்ந்து படம் பாப்பம்" என்றா. அதிபர், "பொம்புளையளுக்கு என்னத்துக்குப் போன் எண்டு நான் கேக்கல்ல" என்று தொடங்கி, அதையேதான் கேட்டார்.

என் கருத்தை யாரும் கேட்கவில்லை, அதனால் இங்கே. முந்திக் கள்ளன் ஓட்டைப் பிரித்து இறங்கினால் அண்டாவும் காப்பும் போகும். மனிசர் மிஞ்சுவர். இவன் எடுத்தது கையளவு சாமான். அதற்குள்ளேதான் புருசன், அதற்குள்ளேதான் மகளின் படங்கள், முக்காடு இல்லாமல் வீட்டில் சிரிக்கிற படங்கள். நவீனம் என்று நாங்களே எல்லாவற்றையும் ஒரு பொட்டலமாகக் கட்டி அவன் கைக்கு லேசாக்கிக் கொடுத்திருக்கிறோம்.

அவளிடம் இதைச் சொல்லவில்லை. அவளாகவே கேட்டாள், "உம்மா, என்ட போட்டோவெல்லாம் அவன் பாப்பானா?" தெரியாது மனே என்றேன்.

மஃரிபு பாங்கு முடிந்ததும் இருவரும் போன் வைக்கிற இடத்தைப் பார்த்தோம்.

ஒக். 15, வெள்ளி

மழை, ஒருவழியாக. கிணற்றடி எல்லாம் சேறு.

ஜும்ஆ முடிந்த கையோடு ஹனீபா மோட்டார் சைக்கிளில் தெப்பமாக நனைந்து வந்தான். போனைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தான். "மதினி, காக்கா எடுத்தாரு, லைன்ல. களவு போனத நீங்களே செல்லுங்க."

"என்னகா, போன எடுக்கிறயில்ல? காலையில இருந்து அடிக்கன்."

மச்சானின் குரலில் பயமே இல்லை. அதுதான் புதினம்.

"பயந்திட்டீங்களா மச்சான்?"

"இல்லகா. ஒவ்வொரு நாளும் மஃரிபுக்குத் திருப்பி அடிச்சயே. நேத்தும் அடிச்சாய். ஊட்டுல ஏதும் வேலையாக்கும் எண்டு நெனச்சன்."

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது, மனிசன் நிம்மதியாகப் படுப்பார். ஹனீபா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"போன் செவ்வாக்கெழமையே களவு போய்ட்டு மச்சான்."

"அப்ப திருப்பி அடிச்சது ஆரு?"

"கள்ளனாக்கும்."

"கள்ளன் என்னத்துக்குகா அடிக்கான்? நீ பொய் செல்லல்லதானே?"

இத்தனை வருசத்துக்குப் பிறகு இப்படி ஒரு கேள்வி. "பொய் செல்றதெண்டா ஓம் எண்டே செல்லியிருப்பனே" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றார். "மகள் சுகமா?" மகளிடம் கொடுத்தேன். அவள் கதைத்த பிறகு நம்பரைச் சொல்லச் சொல்லி அலுமாரிக் கதவின் உட்பக்கம் பேனையால் எழுதினேன். பழைய சிம்மை வெட்டும்படி நாளைக்கு அவரே போன் கம்பனிக்குச் சொல்வாராம். நம்பினாரா, களைத்துப்போய் விட்டாரா, எனக்குத் தெரியவில்லை. ஹனீபா தேத்தண்ணியும் குடிக்காமல் போனான்.

யோசித்துப் பார்த்தேன். போனில் எல்லாம் பதிந்து கிடக்கும்: மஃரிபுக்கு வந்தது, மஃரிபுக்குப் போனது. பார்த்து விளங்கியிருப்பான். அல்லது அவனுடைய வீட்டிலும் யாரோ வெளிநாட்டில்.

ஒக். 16, சனி

வெயில். தாள்கள் பாதி முடிந்தது. பழைய போன் ஒன்று, புது சிம், முதல் தடவையாக என் பெயரில். கடைக்காரப் பொடியனிடம் கைக்கு வந்த எல்லா அடையாள அட்டையையும் நீட்டினேன்.

மச்சானின் நம்பர் இப்ப கண்ணை மூடினாலும் வரும்.

மஃரிபுக்கு அவர் ஒரு ரிங். நான் ஒரு ரிங். எல்லாம் பழையபடி.

பிறகு என் பழைய நம்பருக்கும் அடித்தேன். போனை வைச்சிக்கோ, மகளின் படங்களை அழித்துவிடு என்று சொல்லத்தான். நிற்பாட்டிக் கிடக்கு. சிம்மை வெட்டியிருப்பார்கள், அல்லது எறிந்திருப்பான். தெரிந்தும் கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை அடித்தேன்.

"ஆருக்கு உம்மா அடிக்கிறீங்க?" என்றாள் மகள்.

ஒருத்தருக்கும் இல்லை என்றேன். இஷா பாங்கு சொல்லியாச்சு, இன்னும் போன் கையில்தான். அவனுக்கு என்ன நடந்ததோ.