மாடல் சொல்லுது

வியாழன், இரவு.

தீவிர சிகிச்சைப் பிரிவில் தங்கையின் கணவருக்கு மூச்சு கொடுக்கும் இயந்திரத்தின் அழுத்தத்தை இன்று கூட்டினார்கள். காரணம் கேட்டேன். "கம்ப்யூட்டர் மாடல் சொல்லுதுங்க" என்று கட்டிலருகே இருந்த திரையைக் காட்டினார் மருத்துவர்.

பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் தங்கை பதறிவிட்டாள். "மாடலுன்னா? எங்கூட்டுக்காரர வெச்சு சாம்பிள் பீஸ் போட்டுப் பாக்கறீங்களா?"

மருத்துவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பொறுக்க இயலவில்லை.

நுரையீரலின் விறைப்பைக் கணினி கணித்து அழுத்தத்தைப் பரிந்துரைப்பதை நான் ஆட்சேபிக்கவில்லை. அது சரியாகவும் இருக்கலாம். ஆனால், "அதை ஏற்று முடிவெடுத்தது யாருங்க?" என்றால், "சிஸ்டம்தாங்க" என்பதா பதில்? சிஸ்டத்தைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியுமா? "நான்தான்" என்று சொல்ல அவருக்கு என்ன தடை?

"அண்ணா, தேறிக்குவாருங்களா?" என்று தங்கை கேட்டாள்.

நானும் அந்தத் திரையைத்தான் பார்த்தேன்.