வலது பக்கத்து டேப்

சனிக்கிழமை காலையில் என் சைக்கிள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. மாட்டுக் கொட்டகையின் தகரக் கூரைக்குக் கீழே பதினொரு மாதம் நின்றதில், நீங்கள் ஹேண்டில்பாரில் சுற்றிவைத்த டேப்பெல்லாம் இளகிப்போயிருக்கிறது. வெளியே உருட்டலாம் என்று பிடித்தேன், உள்ளங்கை ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தால் கை முழுக்கக் கறுப்புப் பசை. அந்த டேப் வாசனை உங்கள் சட்டைப் பையிலும் எப்போதும் இருக்கும். அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு உங்களைத் திட்டினேன். கேட்டதோ என்னவோ.

விஷயம் இதுதான். வாய்க்கால் பாலத்தை இடித்துவிட்டார்கள், புதிதாகக் கட்டப் போகிறார்களாம். திங்கட்கிழமையிலிருந்து நம் ஊருக்குள் டவுன் பஸ் வராது. பள்ளிக்கூடம் நான்கு கிலோமீட்டர். சத்துணவுக் கூடத்தில் நேரத்துக்கு உலை வைத்தாக வேண்டும். நடந்து போக முழங்கால் சம்மதிக்காது. சைக்கிள் என்றால் மதகின் மேல் உருட்டிக் கடந்துவிடலாம். ஆனால் நீங்கள் போனதிலிருந்து நான் அதைத் தொடவே இல்லை.

வெள்ளிக்கிழமை சிங்கப்பூரிலிருந்து நம் பையன் போன் செய்தான். “வேலய விட்டுட்டு இங்க வந்துடும்மா. அந்த சைக்கிள எடைக்குப் போடு” என்றான்.

“திங்கக்கிழம நானா வேலைக்குப் போக முடியலன்னா வர்றேன்டா, போதுமா?” என்று நானும் வாயை விட்டுவிட்டேன்.

பதினான்காவது மாடியில் போய் நான் என்ன செய்வேன் சொல்லுங்கள்? கதவைத் திறந்தால் எதிரே இன்னொரு கதவு. இங்கேயும் பேச ஆள் இல்லைதான். ராத்திரிச் சோறு ஒருத்திக்கு வடிப்பது எப்படி என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை, தினமும் மிஞ்சுகிறது. இருந்தாலும் இது நம் வீடு. நான் இங்கே இருக்க வேண்டுமென்றால் இந்தச் சைக்கிள் ஓட வேண்டும்.

கத்தியால் கீறி உரிக்க ஆரம்பித்தேன். அப்பப்பா, எத்தனை சுற்று! மேலே கறுப்பு, அதற்கடியில் சிவப்பு, அதற்கடியில் நீலம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஒன்றாகச் சுற்றியது. ஊரில் எல்லோரும் பழைய டேப்பை உரித்துவிட்டுத்தான் புதியது சுற்றுவார்கள். நீங்கள் மட்டும் பழையதன் மேலேயே சுற்றி, அதன் மேல் சந்தனமும் குங்குமமும் வைப்பீர்கள். அடுத்த வருஷம் அந்தச் சந்தனத்தின் மேலேயே அடுத்த டேப். எப்படி ஒட்டும்? மூன்று மாதத்தில் வழுக்க ஆரம்பிக்கும். உரிக்க உரிக்கக் காய்ந்த சந்தனம் பொலபொலவென்று என் மடியில் உதிர்ந்தது.

“உரிச்சிட்டுச் சுத்துனா கை தேஞ்சிடுமா உங்களுக்கு?” என்று உங்கள் தங்கை முன்னாலேயே கேட்பேன்.

“பழசு இருந்தாத்தான் புதுசு புடிக்கும்” என்று சிரிப்பீர்கள். சுத்தச் சோம்பேறி என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன்.

ஒரு பூஜை நாளில் நானே உரித்துவிடலாம் என்று கத்தியோடு உட்கார்ந்தேன். “அதுல கை வெக்காத!” என்று ஒரு கத்து கத்தினீர்கள் பாருங்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து நீங்கள் என்னிடம் சத்தம் போட்டது அன்று ஒருநாள்தான். பொரிகடலைத் தட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நீங்களே காபி போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தீர்கள். ஏன் கத்தினீர்கள் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

காலையில் உங்களுக்கு ஒரு வேலை உண்டு. காற்று அடித்து, சீட்டைத் துடைத்து, நான் ஏறுவதற்கு முன்னால் சைக்கிளுக்கு எதிரே நின்று ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் அழுத்தி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிப் பார்ப்பீர்கள்.

“போதும், மாட்டுக் கொம்பையா புடிக்கிறீங்க? எனக்கு நேரமாவுது.”

“இரு, இரு. சரி, ஏறு.”

காய்ச்சல் என்றாலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து ஆட்டுவீர்கள். கடைசியில் எழுந்து உட்கார முடியாமல் போனபோதும் கட்டிலில் இருந்தே கேட்டீர்கள், “ஆட்டிப் பாத்தியா?”

“பாத்தேன், பாத்தேன்” என்பேன். ஒருநாள்கூட நான் பார்க்கவில்லை.

டேப் வந்துவிட்டது, பசை வரவில்லை. சோப்புத் தண்ணீருக்கு அசையவே இல்லை. மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? கடைசியில் உங்கள் வைத்தியம்தான் ஞாபகம் வந்தது. செயினைத் தொட்ட கையில் தேங்காய் எண்ணெய் தடவி, தவிட்டில் தேய்த்துக் கழுவுவீர்களே, அது. எண்ணெயைத் தடவி ஊறவிட்டு, ஒரு கை தவிட்டை அள்ளிப் போட்டு நாரால் தேய்த்தேன். பசை கறுப்பு உருண்டை உருண்டையாகத் திரண்டு வந்தது. இடது பக்கம் பளிச்சென்று ஆகிவிட்டது. வலது பக்கம் தேய்க்கும்போதுதான் வளைவில் விரல் எதிலோ இடறியது. பசைக் கட்டி என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். போகவில்லை. இரும்பைச் சுற்றி வளையமாகப் புடைத்திருந்தது. வெல்டிங்.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் மதகுச் சுவரில் மோதி, தண்ணீரில்லாத வாய்க்காலுக்குள் நான் விழுந்தேனே, அன்றைக்கு வலது பக்கம் வளைவோடு முறிந்துபோனது. “ஒட்டுப் போட்டதுலல்லாம் நான் ஏற மாட்டேன், புதுசு போட்டாத்தான் ஏறுவேன்” என்று அடம்பிடித்தேன். மறுநாள் நீடாமங்கலத்துக்கு எடுத்துப் போய், ரப்பர் பிடிகளையும் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் டேப் சுற்றிக்கொண்டு வந்தீர்கள். “புது ஹேண்டில்பார் போட்டாச்சு” என்றீர்கள். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை காய்ந்து கிடந்தது. புதியது எங்கிருந்து வரும் என்று என் மரமண்டைக்குத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

பதினேழு வருஷம்! சொல்லித் தொலைத்திருக்கலாமே. கத்தியிருப்பேன்தான். கத்திவிட்டு ஏறியிருப்பேன். நான் தெருமுனை திரும்பும்வரை நீங்கள் வாசலில் நிற்பது ஆசையில்தான் என்று நினைத்து இந்த வயதிலும் வெட்கப்பட்டுக்கொண்டு போவேன். பயத்தில் நின்றிருக்கிறீர்கள். ஆசையும் இருந்திருக்கும், விடுங்கள்.

நேற்று சைக்கிள் கடைத் தம்பியிடம் காட்டினேன். தட்டிப் பார்த்தான், தொங்கிப் பார்த்தான். “நல்லாப் புடிச்சிருக்குக்கா. பயமா இருந்தா புதுசு போட்டுடலாம்” என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு ரோல் டேப் மட்டும் வாங்கிவந்தேன். பசையில்லாத வெறும் இரும்பில் ஒரே ஒரு சுற்று. அழகாக ஒட்டியிருக்கிறது, உங்கள் வேலை மாதிரி இல்லை.

இதை உலை கொதிப்பதற்குள் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். வந்து சேர்ந்துவிட்டேன் என்று புரிந்திருக்கும். பையனிடம் சாயந்தரம் சொல்ல வேண்டும்.

காலையில் சைக்கிளை வாசலில் நிறுத்தினேன். தெருவில் யாரும் இல்லை. நீங்கள் நிற்கிற இடத்தில் போய் நின்றேன். இரண்டு கையாலும் பிடித்து, உடம்புக் கனம் மொத்தத்தையும் போட்டு அழுத்தினேன். இந்தப் பக்கம் ஆட்டினேன், அந்தப் பக்கம் ஆட்டினேன். அசையவில்லை.

“பாத்துட்டேங்க” என்று வீட்டுக்குள் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன். இந்தத் தடவை நிஜமாகவே பார்த்திருந்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஏறினேன்.