அஞ்சலைக்கு நான் எழுதிய ‘இல்லை’

பரணைக் காலி செய்தபோது அந்த எவர்சில்வர் கிண்ணம் கைக்கு வந்தது. அடியில் நீ ஆணியால் கீறிய 2 அப்படியே இருக்கிறது. நாம் சேர்ந்து வேலை பார்த்த நாட்களில் சர்வே பையில் இருந்த மூன்று அளவுக் கிண்ணங்களில் இது நடுக்கிண்ணம். வேலை முடிந்து சாமான்களை ஒப்படைத்த அன்று இதை மட்டும் தொலைந்துபோனதாகச் சொல்லிவிட்டு என் பைக்குள் போட்டாய். “பாயசம் குடிக்க ஆவும், வச்சிக்கடி” என்றாய். இதில் நான் ஒருநாளும் பாயசம் குடிக்கவில்லை. உனக்குக் கருமாதி முடிந்து இன்றோடு இருபது நாள்.

சுனாமிக்கு மூன்றாம் வருஷம் அது. தினமும் காலையில் சிதம்பரத்தில் பஸ் ஏறி, பிச்சாவரம் பக்கத்துக் குப்பங்களுக்குப் போவோம். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் நேற்று என்ன சாப்பிட்டார்கள், எவ்வளவு சாப்பிட்டார்கள், உடம்பில் எந்தச் சத்துக் குறைகிறது என்று பார்த்து எழுதும் வேலை. நீ எடை பார்ப்பாய், நாடாவால் கைச் சுற்றளவு எடுப்பாய். நான் படிவம் நிரப்புவேன். நாளொன்றுக்குப் பன்னிரண்டு படிவம். என் கையெழுத்து அழகு என்று ஆபீசில் சொல்லிச் சொல்லியே என் தலையில் கனம் ஏற்றிவிட்டிருந்தார்கள். அடித்தல் திருத்தல் இல்லாத படிவம்தான் நல்ல படிவம் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம்.

கிண்ணத்தில் சோற்றைப் போட்டுக் காட்டச் சொன்னால் எல்லா வீட்டிலும் தலைதட்டத்தான் போடுவார்கள். நானும் ‘முழுக் கிண்ணம்’ என்று எழுதிக்கொண்டே போவேன். நீதான் என் பேனாவைப் பிடித்து நிறுத்தினாய். “வந்தவங்க முன்னாடி அரைக் கிண்ணம் வைக்க எந்தப் பொம்பளைக்கும் கை வராதுடி. மிச்சம் வச்சத யாரு துன்னாங்கன்னு கேளு” என்றாய். கேட்டால்தான் தெரியும், பாதிச் சோறு அண்ணன் வயிற்றுக்குப் போயிருக்கும். எனக்கோ நேரம் போகிறதே என்று எரிச்சலாக இருக்கும். மீன் பிடிக்கிற ஊரில் பிள்ளைகளுக்கு என்ன குறை வந்துவிடும் என்றுகூட உன்னிடம் கேட்டேன். பிடித்த மீன் கூடையேறி கிள்ளைக்கும் சிதம்பரத்துக்கும் விற்கப் போனது, வீட்டில் ரசமும் கஞ்சியும் இருந்தன. நீ அதே மாதிரி ஒரு குப்பத்தில் பிறந்தவள். என் கேள்வியைக் கேட்டுச் சிரித்தாய்.

ஒருநாள் கடைசி வீடாக அஞ்சலையின் வீடு வந்தது. நாலு வயசு. சுனாமிக்குப் பிறகு தகரக் கொட்டகை, அங்கிருந்து புது வீடு என்று மாறி மாறிப் போனதில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊற்றும் வைட்டமின் ஏ மருந்துப் பட்டியலில் அவள் பெயர் விட்டுப்போயிருந்தது. “பொழுது சாஞ்சா புள்ள தடுமாறுதா?” என்று கேட்டேன். மாலைக்கண் இருக்கிறதா என்று அறிவதற்கான கேள்வி.

“அதெல்லாம் இல்ல மேடம். வெளக்கு வச்சா வச்ச எடத்துல ஒக்காந்துருக்கும். மத்த புள்ளைங்க மாரி ஓடாது ஆடாது. தங்கமான புள்ள” என்றாள் அவள் அம்மா, பெருமையாக.

நான் ‘இல்லை’ என்று எழுதினேன். மணி மணியாக எழுதினேன்.

நீ நாடாவைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு அந்தக் குழந்தையையே பார்த்தாய். வாசலுக்கு வந்ததும் என் கையைப் பிடித்தாய். “நாலு வயசுப் புள்ள எதுக்குடி ஓடாம ஒக்காந்துருக்கும்? இருந்து இருட்டுல பாத்துட்டுப் போவலாம்.” அஞ்சேகால் பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் எட்டு மணிக்கு. “அடுத்த வாரம் வரலாம், வாடி” என்று உன்னை இழுத்துக்கொண்டு வந்தேன். அடுத்த வாரம் வேறு ஊர் கொடுத்தார்கள். அதற்கடுத்த வாரமும் நீ கேட்டாய். எழுதி அனுப்பிய வீட்டுக்கு எதற்கு மறுபடியும் போக வேண்டும் என்று உன்மேல் எரிந்து விழுந்தேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நீ தனியாகப் போனாய். அதற்குள் அவளுக்குத் தட்டம்மை வந்து இறங்கியிருந்தது. சத்தில்லாத உடம்பில் அம்மை கண்ணைத் தாக்கி, இடது கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. மற்றொரு கண்ணைச் சோதிக்க நீ பொழுது சாயும்வரை காத்திருந்து, ஒரு பிஸ்கட்டை அவள் எதிரே தரையில் வைத்தாயாம். அவள் உள்ளங்கையால் தரையைத் தடவித் தடவித் தேடினாளாம். மறுநாள் காலையில் அவளைத் தூக்கிக்கொண்டு நீதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினாய். வலது கண் பிழைத்தது. பத்துப் பதினைந்து நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும் என்று டாக்டர் சொன்னதை என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னாய். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். படிவத்தைத் திருத்தலாமா என்று ஆபீசில் கேட்டேன், கணக்கெல்லாம் போயாகிவிட்டது என்றார்கள். அறிக்கை வந்தபோது அந்த ஊருக்கு நேராக, மாலைக்கண் கட்டத்தில், சுழியம் இருந்தது.

அப்புறம் நீ கடலூருக்குப் போனாய், நான் வேறு வேலை தேடிக்கொண்டேன். போனில் பேசும்போது அஞ்சலையைப் பற்றி நீ எடுக்கமாட்டாய், நானும் எடுக்கமாட்டேன். காய்ச்சலில் ஐந்தே நாளில் நீ போய்விட்டாய் என்று செய்தி வந்தபோது, உன்னிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்காமல் விட்டது முதலில் உறைத்தது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

உன் கருமாதிக்கு அஞ்சலையும் அவள் அம்மாவும் வந்திருந்தார்கள். ஒன்பது வயசாகிவிட்டது அவளுக்கு. ஆளைப் பார்க்க முகத்தை இடப்பக்கமாகத் திருப்பிக்கொள்கிறாள். அவள் அம்மா வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “நீங்கதானே அந்த எழுதற அக்கா? புள்ளைக்கு எதுவோ இருக்கு, போய்ப் பாருன்னு நீங்கதான் அனுப்புனீங்களாமே. அவுங்க அப்பவே சொன்னாங்க. ஒரு கண்ணாவது நிக்குதுன்னா ஒங்களாலதான்க்கா” என்றாள்.

எதற்கடி அப்படிச் சொன்னாய்? என்னைக் காப்பாற்றவா? எனக்கு உன்மேல் வந்த கோபத்தில் உன் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பந்தியில் அவள் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு வந்தேன்.

கிண்ணம் கிடைத்த பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. போன சனிக்கிழமை அந்தக் குப்பத்துக்குப் போனேன். அஞ்சலை பக்கத்து வீட்டில் இருந்தாள். அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ தங்கிப் பார்க்கலாம் என்றது, நான் பஸ்ஸைப் பிடித்தது, ‘இல்லை’ என்று எழுதியது, இரண்டு வாரம் உன்னைப் போகவிடாமல் தடுத்தது. அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கடைசி மீன்வரைக்கும் ஆய்ந்து முடித்துக் கழுவி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“அஞ்சாவப் போவுது. பஸ்ஸு வந்துரும், கெளம்புங்க மேடம்” என்றாள்.