சம்மணம் போட்டு வாசித்தவருக்கு

பெட்டியை இன்று காலைதான் திறந்தேன். நீங்கள் போனதிலிருந்து மூன்று மாதமாகத் தொடவில்லை. மூடியைத் தூக்கியதும் தேங்காய் எண்ணெயும் இரும்பும் கலந்த அந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. உங்கள் இடது கைக்கும் அதே வாசனைதான். எனக்குக் காய்ச்சல் கண்டு நீங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தால், கைக்கு முன்னால் வாசனை வந்துவிடும். உங்கள் ஸ்டீல் கித்தார் வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தது. கம்பியில் துரு இல்லை. ஒன்று மட்டும் தளர்ந்து கிடந்தது. முறுக்கத் தெரியாததால் அப்படியே விட்டுவிட்டேன்.

எதற்குத் திறந்தேன் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலில் உங்களுக்கு ஞாபகக் கூட்டம். படத்துக்குப் பக்கத்தில் கித்தாரை வைக்க வேண்டுமாம். அன்று வாசிக்கப்போகிற உங்கள் வாழ்க்கைக் குறிப்பையும் போதகர் கொண்டுவந்து கொடுத்தார். "படிச்சுப் பாருங்கம்மா, தப்பு இருந்தா சொல்லுங்க" என்றார். நான் மூன்றாம் வகுப்பு. விரலை வைத்துத்தான் படிப்பேன். பிறந்தது, வளர்ந்தது, கோயிலில் ஞானப்பாட்டு வாசித்தது எல்லாம் சரியாக இருந்தது. பண்ணை வீட்டுச் சங்கதி வந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது.

"அன்னாரது வாத்தியம் மடியில் வைத்து மட்டுமே இசைக்கக் கூடியதாகையால், பண்ணையார் முன்னிலையில் நின்று வாசிக்க இயலாமற் போனது. அதனால் நேர்ந்த மனத்தாங்கல் காலப்போக்கில் தீர்ந்தது. அன்னார் தாழ்மையின் வடிவமாக வாழ்ந்தார்."

இயலாமற் போனதாம். மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் உடம்பு எரிந்தது. பண்ணையார் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மகன் ஞாயிற்றுக்கிழமை மேடையில் உட்காரப் போகிறார். அவர் காதுக்கு இதமாக எழுதியிருக்கிறார்கள். இந்த வரியை வாசிக்க விடக் கூடாது. ஆனால் விடாமல் இருக்க வேண்டுமென்றால் நான் வாயைத் திறக்க வேண்டும். வாயைத் திறக்காதே என்று சொன்னவர் நீங்கள். அதனால்தான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

கல்யாணம் பேச நீங்கள் எங்கள் ஊருக்கு வந்தபோது சைக்கிள் கேரியரில் இந்தப் பெட்டி இருந்தது. என் அம்மா அதைச் சின்னப் பிள்ளை சவப்பெட்டி என்று நினைத்து, "யாருது தம்பி, பாவம்?" என்று கேட்டாள். நீங்கள் சிரிக்கவில்லை. பெட்டியை இறக்கி, கித்தாரை மடியில் வைத்து, ஒரு ஞானப்பாட்டை முழுக்க வாசித்து முடித்துவிட்டு, "செத்த மாதிரியா இருக்கு?" என்றீர்கள். அந்த ஒரு கேள்வியில் நான் சரியென்று சொல்லிவிட்டேன்.

தரங்கம்பாடி மிஷன் பங்களாவில் நீங்கள் தோட்டவேலை செய்தபோது அங்கிருந்த வெள்ளைக்காரத் துரையிடம் பார்த்துப் பழகிய வாசிப்பு அது. கப்பல் ஏறும்போது அவர் கித்தாரை உங்களிடம் விட்டுவிட்டுப் போனார். கம்பியின் மேல் வைத்து இழுக்கிற இரும்பு எங்கோ தொலைந்துபோக, ரைஸ் மில்லில் கழித்துப் போட்ட ஷாஃப்ட் துண்டு ஒன்றை வாங்கி வந்து, கிணற்றுப் படியில் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினீர்கள். சுதி சேர்ப்பதும் அதே மில்லின் மத்தியானச் சங்கை வைத்துத்தான். ஒருமுறை மில்காரர் உச்சத்தில் ஊதுகிற புதுச் சங்கு மாட்டிவிட்டார். உங்களுக்குத் தெரியாது. அந்த ஞாயிறு சபை முழுக்கக் கழுத்து நரம்பு புடைக்கப் பாடியது. வெளியே வந்த, கோயில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை உங்களைப் பார்த்து, "ஏம்ப்பா, இன்னிக்கே பரலோகத்துக்கு ஏத்திடலாம்னு பாத்தியா?" என்றார்.

"பாட்ட யாரு வேணா பாடிடலாம். பாட்டுக்கு நடுவுல மூச்சு விடுற இடம் இருக்கே, அதத்தான் நான் வாசிக்கிறேன்" என்பீர்கள். எனக்கு அது புரிந்ததில்லை. ஆனால் நடவில் இடுப்பு ஒடிந்து வந்து உட்கார்ந்து கேட்கிற நேரம், அந்த இரும்பு ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும்போது, இடுப்பு வலி எங்கேயோ போய்விடும். அது எனக்குப் போதும்.

இப்போது அந்த நாளைச் சொல்கிறேன். பேப்பரில் எழுதியவர்களுக்குத் தெரியாததால் சொல்கிறேன்.

ஆட்சி மாறியிருந்த காலம். கடைத்தெருவில் கறுப்பு சிவப்புக் கொடி. நம் தெருமுனையில் வெறும் சிவப்புக் கொடி. கூலி நெல்லை உயர்த்திக் கேட்டு அறுவடை நின்று, வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கி, எந்த வரப்பில் யார் அரிவாளோடு நிற்பார்கள் என்று தெரியாத நேரம். ஒருவழியாகப் பேசி முடித்து, நாம் மறுபடி களத்தில் இறங்கி நாலைந்து நாள் ஆகியிருக்கும். பண்ணை வீட்டுப் பின்கட்டுக் களத்தில் நான் நெல் தூற்றிக்கொண்டிருந்தேன். பண்ணையார் சாய்வு நாற்காலியில். பக்கத்தில் மெட்ராஸிலிருந்து வந்த மைத்துனர். நம் தெருவில் ஒருவன் ரேடியோவில் வருவது மாதிரி கித்தார் வாசிக்கிறான் என்று பண்ணைக் கணக்கைப் பார்க்கிற காரியக்காரர் சொல்லப்போய், உங்களைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள்.

அந்தக் களத்தில் நாம் நிற்கலாம், குந்தலாம். சம்மணம் போட்டு உட்காரக் கூடாது. யாரும் எழுதி வைத்ததில்லை. பிறக்கும்போதே தெரியும். குந்தியிருப்பவன் கூப்பிட்ட உடனே எழுந்து ஓடுவான். சம்மணம் போட்டவன் இருப்பதற்கு வந்தவன்.

பெட்டியோடு வந்து நின்றீர்கள்.

"வாசிடா, பாப்பம்" என்றார் பண்ணையார்.

"உக்காரணுங்க ஐயா."

"நின்னு வாசி."

"இது மடியில வச்சு வாசிக்கிறதுங்க."

"சரி, குந்து."

"குந்தினா மடி இல்லீங்களே ஐயா. சம்மணம் போட்டாத்தான் மடி."

தூற்றிக்கொண்டிருந்த முறங்கள் எல்லாம் நின்றுவிட்டன. மெட்ராஸ்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை, "உக்காரட்டுமே அத்தான்" என்றார். பண்ணையார் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"எம் முன்னாடியா?"

"ஐயா உள்ள போயிட்டீங்கன்னா நான் இங்க உக்காந்து வாசிக்கிறேன். சன்னல் வழியா நல்லாக் கேக்கும்."

நீங்கள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னீர்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போனீர்கள்.

மறுநாள் காரியக்காரர் நம் வாசலுக்கு வந்தார். "மனை ஐயாவோடது. வெள்ளிக்கிழமை வீட்டுல விசேசம். அன்னிக்கு வந்து நின்னு வாசிக்கிறான். இல்லன்னா கூரை இருக்காது." அவ்வளவுதான் பேச்சு.

அப்போது நான் செய்ததை உங்களிடம் மறைக்கவில்லை. மற்றவர்களிடம் மறைத்தேன். இப்போது எழுதிவிடுகிறேன். மாட்டுத்தொழுவத்தில் சாணி அள்ளுகிற சாக்கில் பண்ணையார் வீட்டம்மாவைப் பார்த்து, "வருவாருங்கம்மா, நின்னு வாசிப்பாரு" என்று நானே வாக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து என் கல்யாணப் புடவைக் கரையைக் கிழித்து, இரண்டு மடிப்பாகத் தைத்து, கித்தாரைத் தோளில் மாட்ட வார் செய்தேன். நீங்கள் கஞ்சி குடிக்கும்போது பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

திட்டுவீர்கள் என்று பார்த்தேன். கஞ்சியைக் குடித்து முடித்து, கை கழுவி, கதவைச் சாத்தினீர்கள். வாரைக் கித்தாரில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டீர்கள். வயிற்றோடு சேர்த்துப் படுக்கவைத்து, நின்றபடியே ஒரு சரணம் வாசித்தீர்கள். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. ஒரு பிசிறு இல்லை. மடியில் வைத்து வாசிப்பது போலவே இருந்தது.

"வருதே!" என்றேன்.

"வரும். பங்களாத் துரை நின்னுகிட்டுதான் வாசிப்பாரு."

"அப்பறம் என்னங்க? வாசிச்சுட்டு வந்துட வேண்டியதுதானே?"

"துரைக்கு நிக்கணும்னு தோணுச்சு, நின்னாரு" என்றீர்கள்.

வாரை அவிழ்த்து, மடித்து, என் கையில் கொடுத்தீர்கள். "இது வெளியில தெரிய வேணாம் புள்ள. வாத்தியம் அப்படி, அவன் என்ன செய்வான்னு நம்ம ஆளுங்க தைரியமாப் பேசிக்கிட்டிருக்காங்க. அவங்களுக்கு இப்ப அந்தச் சாக்கு வேணும். நம்ம தெருவுல கூரை நிலைக்கட்டும், நீ வாயத் தெறக்காத."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தொழுவத்துக்கே போய், அவர் வரமாட்டார் என்று வீட்டம்மாவிடம் சொன்னேன். அறைவாள் என்று நினைத்தேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அந்த மனுசன் முன்னாடி நானே ஒருநாளும் உக்காந்ததில்லடி" என்றாள்.

மத்தியானம் காரியக்காரர் இரண்டு ஆட்களோடு வந்தார். அவர்கள் கூரை மேல் ஏற ஏற, நீங்கள் வாசலில் பாயை விரித்தீர்கள். சம்மணம் போட்டீர்கள். கித்தாரை மடியில் வைத்து வாசிக்க ஆரம்பித்தீர்கள். கீற்று ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தது. நீங்கள் தலை தூக்கவில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உள்ளே போய், கூரை பிரிந்த இடத்துக்கு நேர் கீழே வெயிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். நடவுக்கு என்னோடு வரும் பெண்கள் ஒவ்வொருத்தியாக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

"ஏ பொம்பளைங்களா, வெளிய வாங்க! மூங்கில் தலையில விழும்!"

"விழட்டும் காரியக்காரரே. எங்க தலைதானே? அந்தக் கீத்துல ரெண்ட மட்டும் இப்படிப் போடுங்க, உக்காரப் பாய் பத்தல" என்றாள் எங்களில் ஒருத்தி.

மேலே நின்றவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவனும் யாரோ ஒருத்திக்குப் பிள்ளைதானே? பாதிக் கூரையை விட்டுவிட்டு இறங்கிப் போனார்கள்.

அந்தப் பாதிக் கூரையில்தான் ஒரு குறுவையும் ஒரு சம்பாவும் கழிந்தன. பண்ணையில் நமக்கு வேலை இல்லை. நான் வலங்கைமான் பக்கம் நடவுக்கு நடந்தேன். நீங்கள் முத்துப்பேட்டை வரைக்கும் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குக் கூட்டம் வாசிக்கப் போனீர்கள். மழை வந்தால் கித்தாருக்குத்தான் காய்ந்த மூலை, நமக்கில்லை. கோபத்தில் ஒருநாள் கேட்டேன், "இதுக்குப் பதிலா ஒரு பாட்டு நின்னிருக்கலாமே?" என்று. "நின்னிருந்தா முழுக் கூரை இருந்திருக்கும். அதுக்குக் கீழ நான் எப்படி வாசிக்கிறது?" என்றீர்கள். அன்று உங்களோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. இருந்தவன் மனை இருந்தவனுக்கே என்று சட்டம் வந்து, பட்டாக் காகிதம் கைக்கு வந்த அன்றுதான் அந்தக் கோபம் எனக்கு முழுசாகத் தணிந்தது. அதையும் உங்களிடம் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு எத்தனை கூட்டம், எத்தனை மாலை. எல்லா மேடையிலும் உங்களுக்கு ஒரு நாற்காலி. கேட்பவர்களிடமெல்லாம் "இது மடி வாத்தியம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வீர்கள். என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பீர்கள். கூரை வந்த பிறகும் அந்தச் சாக்கு நம் ஊரில் அப்படியே நின்றுவிட்டது. கடைசியில் அதுவே பேப்பரில் ஏறி, உங்களைத் தாழ்மையின் வடிவமாக ஆக்கிவிட்டது.

இதுவரைக்கும் எழுதி வைத்துவிட்டு, சாயங்காலம் போதகரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல பிள்ளை அவர். முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, அவங்க மகன் மேடையில இருப்பாரு. வாத்தியம் அப்படின்னு இருந்துட்டா யாருக்கும் சங்கடம் இல்ல."

"எனக்குச் சங்கடம் தம்பி."

"நம்ம ஐயா கர்த்தரோட ஊழியக்காரர்மா. தாழ்மையா இருந்தாருன்னுதானே சொல்லணும்?"

"கர்த்தருக்கு முன்னாடி முழங்கால் போடுவாரு. தெனமும் பாத்திருக்கேன். அந்தக் களத்துல போடல. ரெண்டையும் ஒண்ணாச் சேத்துக் கட்டாதீங்க."

பேனா மூடியைக் கழற்றினார். முதல் இரண்டு வரியை அடித்துவிட்டு, "எப்படி எழுதணும், நீங்களே சொல்லுங்க" என்றார். நான் சொல்லச் சொல்ல எழுதினார்: "இவருக்கு நின்றும் வாசிக்கத் தெரியும். பண்ணையார் நிற்கச் சொன்னார். இவர் நிற்கவில்லை." படித்துக் காட்டச் சொன்னேன். இன்னொரு முறையும் படிக்கச் சொன்னேன். தாழ்மை என்ற வரியையும் எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார்.

உங்கள் பேச்சை மீறிவிட்டேன். கோபமிருந்தால் இருக்கட்டும். நீங்கள் சாக்கு கொடுத்தது ஊருக்காக. ஊருக்கு இனி அது வேண்டாம். நம் தெருப் பெண்கள் சாக்கு இல்லாமலே உட்கார்வதை நான் தினமும் பார்க்கிறேன்.

எனக்கு மட்டும்தான் இன்னும் சரியாகவில்லை. பண்ணை வீட்டு ஆள் யார் எதிரே வந்தாலும் என் முழங்கால் தானாக எழுந்துவிடுகிறது. உங்களோடு அத்தனை வருஷம் இருந்தும் அது போகவில்லை. போன வாரம் கடையில்கூட எழுந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து என் காலையே அடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையிலேயே போய்விடுவேன். மேடைக்கு நேர் எதிரே, முதல் பாயில், சம்மணம் போட்டு உட்காருவேன். அவர் மகன் வருவார். மரியாதைக்கு எல்லோரும் எழுவார்கள். என் முழங்காலும் துடிக்கும், எனக்குத் தெரியும். இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். அந்த மூன்று வரியையும் வாசித்து முடிக்கிற வரைக்கும் நான் எழப் போவதில்லை.