பதினெட்டுப் புள்ளி நான்கு

இல்லை, இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நாற்பத்தொரு ரெக்கார்டு நோட்டும் மேசைமேல்தான் இருக்கின்றன. பழுப்பு அட்டை, பெயர்ச் சீட்டு, காயாத பசை. அந்தப் பசை வாசனையில்தான் நீ வந்தாய். ஒரு மணி நேரமாக எதிரில் இருக்கிறாய். கேட்டதையே கேட்கிறாய்.

உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இப்போது நான் வேதியியல் சொல்லித்தருகிறேன். நான். வேதியியல். நீ சிரித்திருப்பாய். லாரி போகும்போதெல்லாம் ஆய்வகத்தில் பியூரெட்டுக் குழாய்கள் ஸ்டாண்டில் நடுங்குகின்றன. துறைத்தலைவர் இரண்டு முறை வந்து போய்விட்டார்.

"போட்டு அனுப்புங்க மேடம். திங்கக்கிழமை எக்ஸ்டர்னல் எக்சாமினர் வர்றாரு. கையெழுத்து இல்லன்னா புள்ளைங்கள பிராக்டிகலுக்கு உள்ள வுட மாட்டாங்க."

தெரியும். அது எனக்குத் தெரிந்ததுபோல் இந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது.

கள்ளக்குறிச்சியில் கலந்தாய்வு நடந்த அன்று, கல்லூரி வராந்தாவில் வரிசை. எனக்கு நான்கு பேருக்கு முன்னால் நீ. நீ வெள்ளிமலைக்கும் மேலே இருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்திருந்தாய். நான் சங்கராபுரத்திலிருந்து. பன்னிரண்டாவது வரை ஒரே பள்ளி விடுதி, ஒரே வாளி. வரிசையை விட்டு விலகி உன்னிடம் வந்தேன்.

"இன்னாடி எடுக்கப் போற?"

"கெமிஸ்ட்ரி. வேற இன்னா?"

"அத்த படிச்சிட்டு இன்னா செய்வ? கம்ப்யூட்டர் எடுடி. நானும் அதான். மூணு வருசம் ஒரே பெஞ்சு."

"எங்க ஊர்ல போனுக்கே டவர் இல்ல. கம்ப்யூட்டர வச்சிக்கினு ஆட்டுக்கா காட்டுறது?"

ஆனாலும் உள்ளே போய்க் கம்ப்யூட்டர் என்றே சொன்னாய். எனக்காக. என் முறை வந்தபோது குமாஸ்தா தலையைத் தூக்கவில்லை.

"கம்ப்யூட்டர் முடிஞ்சி போச்சிம்மா. கெமிஸ்ட்ரி கீது. வேணுமா, வேணாமா? பின்னாடி லைன் நிக்குது."

வேணும் என்றேன். ஒரு சொல். வெளியே வந்து சொன்னதும் நீ முதலில் சிரித்தாய். பிறகு என் கையிலிருந்த சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்தினாய்.

மாற்றிக் கொடுங்கள் என்று இரண்டு பேரும் மனு எழுதிக் கொண்டுபோனோம். "மாத்தி உக்கார இது இன்னா பஸ் சீட்டா?" என்றார் அதே குமாஸ்தா. அடுத்த வாரம் வரச் சொன்னார். அடுத்த வாரமும் அடுத்த வாரம் என்றார். அதற்குள் அந்த மூன்று வருடப் படிப்பு தொடங்கிவிட்டது.

உனக்கு வேதியியல் எதற்கு என்று நான் கேட்டதே இல்லை. நீயாகத்தான் ஒருநாள் சொன்னாய். மரவள்ளித் தோலைத் தின்று உங்கள் வீட்டு ஆடு வாயில் நுரை தள்ளிச் செத்தது. கிழங்கை வேகவைத்து நீங்கள் தினமும் தின்கிறீர்கள், ஒன்றும் ஆவதில்லை. "அந்தத் தோலுக்குள்ள இன்னா கீதுன்னு தெரியணும். அவ்ளோதான்." கல்லூரிக்கு வந்த யாரிடமும் அதைவிட நல்ல காரணத்தை நான் கேட்டதில்லை. என் புத்தகத்தைக் கல்லூரி விடுதியில் என் கட்டிலிலிருந்து எடுத்துப்போய் நீ அதைக் கண்டுபிடித்தாய். சயனைடு வரும் பக்கத்தில் ஒரு வேப்பிலையை அடையாளம் வைத்தாய்.

உன் ஆய்வகத்தில் பன்னிரண்டு கணினிகள். ஓடுபவை ஐந்து. ஒன்றின் முன் ஆறு பேர், ஆறாவது நீ. பிறகு கரண்ட் போகும். ரெக்கார்டில் வலப்பக்கம் புரோகிராமைப் பேனாவில் எழுத வேண்டும், இடப்பக்கம் அதன் விடையைப் பென்சிலில். எல்லோரும் போன வருட அக்காக்களின் நோட்டைப் பார்த்து இரண்டு பக்கத்தையும் நிரப்பினார்கள். யாரும் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. ரெக்கார்டு எழுதுவது என்றால் அதுதான்.

நீ மட்டும் வந்ததை எழுதினாய். "பிழை, ஏழாம் வரி." "கரண்ட் இல்லை." "இன்று சிஸ்டம் கிடைக்கவில்லை." பென்சிலில், அழகான கையெழுத்தில், பக்கம் பக்கமாக.

"இது ரெக்கார்டா, டைரியா?" என்று உங்கள் மேடம் வகுப்பின் நடுவில் படித்துக் காட்டினார்களாம். எல்லோரும் சிரித்தார்களாம். விடுதிக்கு வந்து எங்களிடம் அதை நடித்துக் காட்டினாய். நாங்களும் சிரித்தோம்.

மூன்றாம் வருடம் ஒரு சனிக்கிழமை என்னோடு வேதியியல் ஆய்வகத்துக்கு வந்தாய். விடுப்பில் போனவளின் வெள்ளைக் கோட்டு உன் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. ஆய்வக உதவியாளர் நிறுத்தினார்.

"இன்னாம்மா, புது மொகமா கீது?"

"லேட் அட்மிஷன்ணா."

"மூணாவது வருசத்துலயா? ரொம்பத்தான் லேட்டு." சிரித்துக்கொண்டே ஒரு பியூரெட்டை எடுத்துக் கொடுத்தார்.

பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டாய். விழுந்த ஊதா ஒவ்வொரு முறையும் கரைந்து காணாமல் போனது. கடைசியில் ஒரு சொட்டு, போகவில்லை. குடுவை முழுக்க வெளிறிய இளஞ்சிவப்பு நின்றது. "வந்துடிச்சிடீ!" என்று கத்தினாய். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குனிந்து அளவைப் படித்தாய். பத்தொன்பது புள்ளி இரண்டு மில்லி. மறுபடி செய்தாய். மறுபடியும் அதே.

எங்கள் வகுப்பில் எல்லோரும் பதினெட்டுப் புள்ளி நான்கு என்று எழுதுவார்கள். எங்களுக்கு முன்னால் படித்தவர்களும் அதையே எழுதினார்கள். கரைசலை ஒவ்வொரு வருடமும் புதிதாகத்தான் கலக்குகிறார்கள். விடை மட்டும் பழையது. நானும் பதினெட்டுப் புள்ளி நான்கு என்றே எழுதினேன். நீ நோட்டைத் திருப்பிப் பார்த்தாய்.

"நான் பாத்தது பத்தொம்போது புள்ளி ரெண்டு. நீ எத்த பாத்த?"

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது. இப்போதும் வருகிறது. ஒரு எண்ணுக்காகவா?

அப்புறம் உன் ரெக்கார்டில் கையெழுத்து விழவில்லை. எழுதி முடிக்காத ரெக்கார்டு என்றார்கள். நீதான் எல்லோரையும்விட அதிகமாக எழுதியிருந்தாய். பிராக்டிகலுக்கு மூன்று நாள். நான் ஒரு அக்காவின் நோட்டை வாங்கி, வாசிப்பறையில் உட்கார்ந்து, உன் பெயரில் புது ரெக்கார்டு ஒன்றை முழுக்க எழுதினேன். உன் எழுத்தைப்போலவே. விடைகள் எல்லாம் சரியாக. விரல் வீங்கிவிட்டது. அட்டை போட்டுப் பசை காயும் முன்னே உன்னிடம் நீட்டினேன்.

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாய்.

"கையெழுத்து என்னுத மாரியே கீது. ஆனா இதுல நான் இல்லியே டி."

"ஒரு கையெழுத்துக்குடி. வாங்கிக்கினு தூக்கிப் போட்டுடு."

"வுடு. அடுத்த வருசம் எழுதிக்கிறேன்."

பெட்டியை எடுத்துக்கொண்டு மலை பஸ் ஏறினாய். அடுத்த வருடம் உனக்கு வரவில்லை. காய்ச்சல், மூன்று நாள், மழை, இறங்க வண்டி இல்லை. நீ போய்ச் சேர்ந்தது பதினோரு நாள் கழித்து மலை பஸ் கண்டக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. உன் போனுக்கு அந்தப் பதினோரு நாளும் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

நீ செய்தது சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. நோட்டை வாங்கியிருந்தால் பிராக்டிகல் எழுதியிருப்பாய், அந்த மழையில் மலைக்குப் போயிருக்க மாட்டாய். நான் செய்தது சரி என்றும் சொல்ல முடியவில்லை. ஒரு கையெழுத்துக்கு உன்னை அப்படி நிறுத்தியவர்கள்மேல் வரும் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றும் தெரியவில்லை. அவர்களுக்கு உன் பெயர்கூட நினைவிருக்காது.

இப்போது கேள். இந்த நாற்பத்தொரு நோட்டிலும் பதினெட்டுப் புள்ளி நான்கு என்றுதான் இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் யாரையும் பார்த்து எழுதவில்லை. நான்தான் பலகையில் எழுதிப் போட்டேன். சோதனைக்கான ரசாயன மருந்து வரத் தாமதம். பாடம் முடிக்க வேண்டும். "இந்த அளவ வச்சி கணக்கு போடுங்க" என்றேன். சாக்பீஸ் என் கையில் இருந்தது. வேறு எந்த எண்ணும் தோன்றவில்லை எனக்கு. ஒரு பிள்ளைகூட நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்று கேட்கவில்லை.

பார்க்காத எண்ணுக்குக் கையெழுத்துப் போட்டால் உன் மேடத்தைப்போல் ஆகிவிடுவேன். போடாமல் பிள்ளைகளை நிறுத்தினாலும் உன் மேடத்தைப்போல்தான். அதனால்தான் ஒரு மணி நேரமாக மூடி திறந்த பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன்.

மருந்து நேற்று வந்துவிட்டது. நாளை சனிக்கிழமை.

நாற்பத்தொன்றிலும் கையெழுத்துப் போட்டேன். துறைத்தலைவரிடம் ஆய்வகச் சாவியை வாங்கினேன். பிறகு வகுப்புக்குப் போய் நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன். கையெழுத்து ஆகிவிட்டது, இனி யாரும் பயப்பட வேண்டாம், காலை பத்து மணிக்கு வந்து சோதனையைச் செய்து, நான் கொடுத்த எண்ணை அடித்துவிட்டு, உங்களுக்கு வரும் அளவை எழுதுங்கள் என்றேன்.

"வேற வந்தா, மேடம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

வந்ததை எழுது என்று சொல்லிவிட்டு, பெர்மாங்கனேட் கலக்கப் போனேன்.